செஞ்சியிலிருந்து ஒருத்தி கூடுதலாக வந்த விவரம்

எனது பெயர் இசைவாணி, வயது 43, கணவர் பெயர் திருநாவுக்கரசு. சிதம்பரம் அம்மாபேட்டையில் குடியிருந்து வருகிறேன். பெண்களை மட்டும் மினி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பி, பொழுது சாய்ந்ததும் அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு நாள் சுற்றுலா நடத்துவது எனது தொழில். வழிகாட்டியும் நானே. கழுத்தில் மாட்டும் மைக்கும் ஸ்பீக்கரும் சொந்தமாக வைத்திருக்கிறேன்.

என் மீது அன்புமணி என்பவர் கொடுத்துள்ள புகார் மனு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நேற்று சனிக்கிழமை செஞ்சிக் கோட்டையில் அவருடைய மனைவி அனுப்பிரியா, வயது 26, என்பவரை நான் ஆசை வார்த்தை கூறி என் வண்டியில் கடத்திச் சென்றதாகவும், உடனே மீட்டுத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் கண்டுள்ளது. நான் ஆசை வார்த்தை எதுவும் கூறவில்லை. கோட்டையைப் பற்றிக் கூறினேன். அதுவும் மைக்கில், ஊர் கேட்கக் கூறினேன். அனுப்பிரியா இப்போது எங்கே இருக்கிறார் என்று உதவி ஆய்வாளர் அம்மா எடுத்த எடுப்பில் கேட்டார். நடந்ததை நடந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும், முன்னே பின்னே தாவக் கூடாது என்றும் அவரே சொன்னார். ஆகவே அந்த விவரத்தை அது வருகிற இடத்தில் சொல்கிறேன்.

நேற்றுக் காலை டிரைவர் ஆரோக்கியராஜும் நானும் சிதம்பரத்திலிருந்து கிளம்பினோம். அவர் பரங்கிப்பேட்டைக்காரர், நல்ல பையன், வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். கடலூர் முதுநகரில் ஒரே தெருவைச் சேர்ந்த பதினெட்டுப் பெண்களை ஏற்றினோம். முக்கால்வாசிப் பேருக்கு வீட்டுக்காரர் சிப்காட்டில் வேலை. எங்கள் பக்கத்தில் கல்யாணமோ காதுகுத்தோ டூரோ, எதுவானாலும் பெண்கள் ஒரே மாதிரி சேலை எடுத்துக் கட்டுவது வழக்கம். இந்தத் தெருவும் எடுத்திருந்தது. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். எனக்கும் இது வசதி. கோட்டைக் கூட்டத்தில் தலைகளை எண்ணுவது கஷ்டம், சேலையை எண்ணுவது சுலபம். இத்தனை வருடமாக நான் சேலையைத்தான் எண்ணி வருகிறேன். ஒருத்தியையும் தொலைத்ததில்லை. அதிகப்படியாக ஒருத்தியைக் கொண்டுவந்ததும் இல்லை, நேற்று வரை.

அதன் பிறகு பண்ருட்டி, விழுப்புரம் தாண்டி மண்டகப்பட்டில் குடைவரைக் கோயிலைக் காட்டினேன். அதன் பிறகு செஞ்சி ரோட்டில் மலைகள் தெரியத் தொடங்கின. எங்கள் பக்கம் கடலும் கழியும் வயலும்தான், நிலம் பாய் விரித்ததுபோல் கிடக்கும், அண்ணாந்து பார்க்க வேண்டுமென்றால் கோபுரத்தைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குத் திடீரென்று வீடு வீடாகப் பாறை உருண்டு கிடக்கும் மலையும், அதன் தலையில் ஒரு கோட்டையும் தெரிந்தால் எப்படி இருக்கும்? பதினெட்டுப் பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்ததில் ஆரோக்கியராஜ், "அக்கா, வண்டி ஒரு பக்கமா இழுக்குதுக்கா, ஒக்காரச் சொல்லுங்க" என்று கத்தினார். எனக்குப் பழகிய மலைதான், இருந்தும் நேற்றும் உடம்பு புல்லரித்தது. இது வழக்குக்குத் தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் அம்மா சொன்னார். இதை எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நான் சொன்னதால் எழுதப்பட்டுள்ளது.

செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதிலிருந்து கூட்டம் ஜாஸ்தி. நேற்று ஆடி சனிக்கிழமை வேறு. மேல்மலையனூருக்கு அம்மன் கும்பிடப் போன வண்டிகளும் வழியில் கோட்டையைப் பார்க்க நின்றிருந்தன. அந்த வண்டிகளில் வந்த பெண்களில் நிறையப் பேர் வேண்டுதலுக்காக மஞ்சள் சேலை கட்டியிருந்தார்கள். பார்டர் சிவப்பு. கிட்டத்தில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதைக் கண்ணால் பார்த்தும் நான் எண்ணும் முறையை மாற்றவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு கல்யாண மகாலையும் தானியக் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு ராஜகிரி ஏறத் தொடங்கினோம். எங்கள் குழுவில் தைலம்மாள், வயது 52, முழங்கால் வலி என்று ஏறவில்லை. புளிசாதப் பையைக் காவல் காப்பதாகச் சொல்லிக் குளத்தங்கரைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் ஏறினார்கள். பாதி மலையில், மஞ்சள் சேலை ஒன்று எங்களையெல்லாம் தாண்டி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படி படியாக இல்லாமல் இரண்டிரண்டு படியாக ஏறிப் போவதைப் பார்த்தேன்.

"யாருங்க அது முன்னால ஓடறது? குரூப்போட வாங்க!" என்று மைக்கில் அதட்டினேன்.

அந்தப் பெண் நின்று திரும்பிப் பார்த்தாள். திட்டு வாங்கியதற்குச் சிரித்தாள். எங்கள் குழுவோடு சேர்ந்துகொண்டாள். எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை. காலையில் இருட்டில் ஏற்றிய பதினெட்டு முகத்தையும் யார் மனதில் வைத்துக்கொள்ள முடியும்? குழுவில் இருந்த மாலதி, அவள் யாரோ ஒரு வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் என்று நினைத்துக்கொண்டு தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். சேலை நம் சேலை என்றால் ஆள் நம் ஆள், எங்கள் பக்கத்தில் அவ்வளவுதான் கணக்கு.

உச்சிக்குப் போகும் மரப்பாலத்தில் நிறுத்தி, கீழே பிளவைக் காட்டி, அந்தக் காலத்தில் பாலத்தை இழுத்துவிட்டால் எதிரி அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான் என்று விளக்கினேன். ராஜா, போர், குதிரை எல்லாம் சொன்னேன்.

"அக்கா, குதிர இந்தப் படியில எப்பிடிக்கா ஏறும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. "குதிர கீழயே நின்னுருக்கும். ராசாதான் மூச்சு வாங்க ஏறியிருப்பாரு" என்று சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவள் அதிகமாகச் சிரித்தாள்.

உச்சியில் ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. முந்தானைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தன. முழங்கால் வலி, பி.பி., சுகர் என்று வழியெல்லாம் புலம்பியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கூச்சல் போட்டார்கள். அந்தப் பெண் மதில் ஓரமாக நின்று கிழக்கே பார்த்து, "இங்கேர்ந்து கடலு தெரியுமாக்கா? எங்க ஊரு கிள்ளை" என்றாள். தெரியாது என்றேன். தெரியாவிட்டாலும் அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். கிள்ளையிலிருந்து கடலூருக்கு வாக்கப்பட்ட பெண் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

(இந்த இடத்தில் வாக்குமூலம் கொடுப்பவர் தண்ணீர் கேட்டதால் கொடுக்கப்பட்டது. இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னதால் படித்துக் காட்டப்பட்டது. 'வேன்' என்று இருந்ததை 'மினி பஸ்' என்று திருத்தச் சொன்னதால் திருத்தப்பட்டது.)

நாங்கள் மலையில் இருந்த நேரத்தில் கீழே ஒரு குரங்கு புளிசாதப் பைக்கு வந்திருக்கிறது. தைலம்மாள் விடவில்லை. குரங்கும் விடவில்லை. இழுபறியில் பை கிழிந்து, தைலம்மாள் வழுக்கிக் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு மாற்றுப் புடவையாகக் கொண்டுவந்திருந்த பச்சை நூல் சேலையைக் கட்டிக்கொண்டு, வெட்கத்தில் எல்லோருக்கும் முன்னால் வண்டியில் ஏறி டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இறங்கி வந்ததும் வண்டியின் கதவருகே நின்று மஞ்சள் சேலைகளை எண்ணினேன். பதினெட்டு சரியாக இருந்தது. போகலாம் என்று ஆரோக்கியராஜிடம் சொன்னேன். முன் சீட்டில் இருந்த பச்சைச் சேலையை நான் எண்ணவில்லை.

அதன் பிறகு சாப்பாடு போன சோகத்தில் விழுப்புரத்தில் ஓட்டலில் சாப்பிட்டு, பெரும்பாலோர் தூங்கிவிட்டார்கள். சாயங்காலம் பண்ருட்டிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். பெண்களுக்குப் பதினெட்டு, எனக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று என்று டீ சொன்னேன். ஒரு டீ குறைந்தது. கடைக்காரரோடு சண்டை போட்டேன். அவர், "எண்ணிப் பாரும்மா" என்றார். இந்த முறை தலையை எண்ணினேன். பத்தொன்பது இருந்தது. அப்போதுதான் கடைசி சீட்டில் டீ கிடைக்காமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் பார்டரைப் பார்த்தேன். சிவப்பு. அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

நான் கேட்காமலே அவள் சொல்லத் தொடங்கினாள். பெயர் அனுப்பிரியா என்றும், மூன்று வருடத்துக்கு முன் திண்டிவனம் பக்கத்தில் வாக்கப்பட்டவள் என்றும், வனக்காப்பாளர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டதாகவும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை நடைத்தேர்வு என்றும் சொன்னாள். பதினைந்து பதினாறு கிலோமீட்டரை நாலு மணி நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டுமாம். அதற்காகத் தினமும் விடியற்காலையில் வீட்டு மாடியிலேயே சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள். காடு மேடு சுற்றுகிற வேலை வீட்டுப் பெண்ணுக்கு வேண்டாம் என்று மாமியார் இருசம்மாள் ஹால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டாராம். தேர்வுக்குப் போகக் கூடாது என்று வாயால் சொல்லாமல், அதே சனி ஞாயிறில் மேல்மலையனூர், திருவண்ணாமலை என்று கோயில் பயணம் போட்டுவிட்டார்களாம்.

"ஓடிப்போவணும்னு நெனச்சி நான் மலையேறலக்கா. சும்மா நடந்து பாக்கலாம்னுதான் ஏறனேன். எறங்கி வரும்போது எங்க மாமியாரு புளியமரத்துக்கடியில ஒக்காந்திருந்தாங்க. என்னையே நேரா பாத்தாங்க. அடையாளம் தெரியல அவுங்களுக்கு. ஒங்க கூட்டத்துல ஒருத்தின்னு நெனச்சி வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அப்பதாங்கா தோணுச்சி. அப்பிடியே நடந்தேன், பஸ்ல ஏறிட்டேன்" என்றாள்.

இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தவளை ஒரு சேலைக்குள் அடையாளம் தெரியவில்லையா என்று கேட்டேன். பிறகுதான் நானும் அவளை அடையாளம் தெரியாமல்தான் ஏற்றியிருக்கிறேன் என்பது உறைத்தது.

அப்போது என் போன் அடித்தது. வண்டியின் பின்னால் எழுதியிருக்கும் நம்பரைக் கோட்டை வாசலில் யாரோ குறித்து வைத்திருந்து கொடுக்க, அன்புமணி கூப்பிட்டார். எங்க வீட்டுப் பொண்ணு ஒங்க வண்டியில இருக்காளா என்று கேட்டார். அனுப்பிரியா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. "எங்க வண்டியில இருக்கறதெல்லாம் எங்க பொண்ணுங்கதான்" என்றேன். அதைப் பொய் என்று எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் குரல் மாறிவிட்டது. "மலையிலேர்ந்து விழுந்துட்டாளோன்னு ஒவ்வொரு பாறையா தேடிக்கிட்டிருக்கேங்க" என்று சொல்லி அழுதார். அதைக் கேட்டு என்னால் தாங்க முடியவில்லை. போனை அனுப்பிரியாவிடம் கொடுத்தேன். அவள், "நான் விழல. நல்லாத்தான் இருக்கேன். தேடாதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். என் போனிலிருந்து அவள் தன் வாயால் பேசியது இது. கடத்தப்பட்டவள் பேசுகிற பேச்சா என்று உதவி ஆய்வாளர் அம்மாவே முடிவு செய்யட்டும்.

ஆரோக்கியராஜ் வேர்த்துக் கொட்டி நின்றார். "அக்கா, கேஸ் ஆயிடும்கா. வண்டிய புடிச்சி வச்சிடுவாங்க. திருப்பிக் கொண்டுபோயி உட்டுருவோம்கா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. வண்டி போனால் எனக்கும் அவருக்கும் பிழைப்புப் போகும். டீக்கடை வாசலில் பத்தொன்பது பேரும் என்னையே பார்த்தார்கள். பச்சைச் சேலையில் நின்றிருந்த தைலம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். "கொரங்குக்கே நான் சோத்துப் பைய உடல. இந்தப் பொண்ண உடுவனா? வண்டிய எடுய்யா" என்றார். அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி தன் மகனுக்குப் போன் போட்டு ஹால் டிக்கெட்டை மறுபடி எடுக்கச் சொன்னாள். அனுப்பிரியா நடப்பதற்கு மாலதி தன் மகளுடைய ஷூவைத் தருவதாகச் சொல்லிக் கால் அளவு பார்த்தாள். ஒரு விரல் அகலம் பெரிது, பஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தைலம்மாள் அனுப்பிரியாவின் கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தார். முதல் நாள் ராஜகிரி ஏறிய காலோடு மறுநாள் எப்படி நடக்கப் போகிறாள் என்பதுதான் வண்டி முழுக்கப் பேச்சு. வண்டியைத் திருப்பச் சொல்லாதது என் முடிவு. டிரைவர் நான் சொன்னபடி ஓட்டினார், அவர் மீது வழக்கு ஏதும் வேண்டாம்.

தேர்வு எந்த ஊரில் என்று உதவி ஆய்வாளர் அம்மா இந்த இடத்தில் கேட்டார். வண்டி இன்னும் பண்ருட்டி தாண்டவில்லை, வரிசையில் வரும் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்து என்னைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து, சரி, மேலே சொல்லுங்கள் என்றார்.

அதன் பிறகு கடலூரில் எல்லோரையும் இறக்கிவிட்டு நானும் ஆரோக்கியராஜும் மட்டும் சிதம்பரம் வந்து சேர்ந்தோம். இன்று விடிந்ததும் அன்புமணியும் அவருடைய தாயாரும் உறவினர்களும் கிள்ளையில் அனுப்பிரியாவின் அம்மா வீட்டில் தேடிவிட்டு, அங்கே இல்லாததால் என் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார்கள். என் கணவர் சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. எதுவானாலும் ஸ்டேஷனில் பேசிக்கொள்ளலாம் என்று நானே அவர்களை அழைத்துக்கொண்டு இங்கே வந்தேன். அவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். தேர்வு எந்த ஊரில் என்று அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. அவளிடமும் ஒரு நாளும் கேட்டதில்லை என்று அவள் நேற்றே சொன்னாள். வேலையின் பெயரைக் கூட மாமியார் சரியாகச் சொன்னதில்லையாம்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மேஜை மேல் வைக்கப்பட்டிருந்த என் போன் அடித்தது. உதவி ஆய்வாளர் அம்மா அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தைலம்மாள் மூச்சிரைக்க, "வாணி! முடிச்சிட்டா! டயத்துக்கு முன்னாலயே முடிச்சிட்டா! கடைசில நொண்டிக்கிட்டேதான் வந்தா, ஆனா நிக்கல" என்று கத்தினார். பின்னால் என் கூட்டத்துப் பெண்கள் போடும் கூச்சல் கேட்டது. நான் ஸ்டேஷன் என்பதை மறந்து எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். எழுதுகிறவரைத் தொந்தரவு செய்ததற்கு வருந்துகிறேன், கை தட்டியதற்கு வருந்தவில்லை.

அனுப்பிரியா இப்போது எங்கே இருக்கிறார் என்ற விவரம் வரிசைப்படி இங்கேதான் வருகிறது. அவர் நேற்றிரவு கடலூர் முதுநகரில் தைலம்மாள் வீட்டில் தங்கி, இன்று காலை கடலூரிலேயே நடந்த தேர்வில் நடந்து முடித்திருக்கிறார். போனில் அவரும் பேசினார். "அவரு வெளிய ஒக்காந்திருக்காராக்கா? இருக்கச் சொல்லுங்க. என்னப் பத்தி எல்லாரும் சொல்லியாச்சி. நானே வந்து சொல்றேன்" என்றார். அடுத்த பஸ்ஸில் தைலம்மாளோடு கிளம்புகிறார். காலையிலிருந்து நான் இவ்வளவு நீட்டிச் சொன்னது ஏன் என்பது உதவி ஆய்வாளர் அம்மாவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் சொன்னது இவ்வளவுதான். படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொல்லவில்லை. மீதியைச் சொல்ல வேண்டியவள் வந்துகொண்டிருக்கிறாள். அவளை நிற்க வைத்து விசாரிக்காமல் உட்கார ஒரு நாற்காலி போடும்படி கேட்டுக்கொள்கிறேன். வெகு தூரம் நடந்து வருகிறாள்.

(ஒப்பம்) தி. இசைவாணி

என் முன்பாகச் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது. நாற்காலி போடப்பட்டது.
(ஒப்பம்) உதவி ஆய்வாளர்